நூற்று நான்கு

கேத்தியில் கேரட் கழுவும் இயந்திரத்தை நிறுத்தி
சேற்றுக் கையோடு போனை எடுத்தேன்.
குல்மார்க்கிலிருந்து பஷாரத்.
இரண்டு ஜோடி வந்திருக்கிறதாம்,
ஒன்றைத்தான் எனக்காகப் பிடித்து வைப்பானாம்,
நாளை காலைக்குள் சொல்ல வேண்டுமாம்.

முதல் ஜோடி, காலடியில் அகலம் நூற்றுப் பதினெட்டு.
கார்பன் இழை. சுண்டு விரலில் தொங்கவிடலாம்.
இடுப்பளவு புதுப்பனியில் முனை தூக்கி மிதக்கும்.
படத்தைப் பார்த்ததும் முழங்கால் தானாக இளகியது.

இரண்டாவது நூற்று நான்கு.
மரத்துக்கு மேலும் கீழும் உலோகத் தகடு.
கனம். யாரோ ஒரு சீசன் மிதித்தது.
அடியில் நீளமாய் ஒரு கீறல்
உருக்கி ஊற்றி அடைத்திருக்கிறது.
நிறம், பழைய அரசுப் பேருந்தின் பச்சை.

எஸ்தர் மண்டிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.
"பஞ்சு மாதிரி விழும்னு சொல்வீங்களே,
அது எத்தனை நாளு?"
நூறு நாளில் பத்து. கர்த்தர் மனது வைத்தால் பதினைந்து.
"அன்னிக்கு முழுக்கவா?"
பதினோரு மணிக்குள் டெல்லிக்காரர்கள் உழுதுவிடுவார்கள்.
"அப்புறம்?"
அப்புறம் மேடு பள்ளம்,
மதியம் கஞ்சி, அந்தியில் கண்ணாடி,
மார்ச்சில் கல்லுக்கு நடுவே கொஞ்சம் வெள்ளை.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.
"கல்யாணச் செருப்பைப் போட்டுக்கிட்டுக்
கேரட் தோட்டத்துக்குப் போறேன்னு சொல்லுங்க."

தூக்கம் வரவில்லை.
நாலரைக்கு என் பழைய ஜோடியை
பைக்கில் குறுக்கே கட்டிக்கொண்டு
இத்தலார் தாண்டி ஒரு புல்சரிவுக்குப் போனேன்.
கார்த்திகையின் முதல் உறைபனி.
புல்லின் ஒவ்வொரு நுனியிலும் உப்புக் கல்.

இது எண்பத்தெட்டு. குறுகல்.
போன பிப்ரவரியில், சூரத் பையன் ஒருவன்
முழங்கால் முறிந்து கிடக்க,
சறுக்கு வண்டியில் கட்டி இறக்கினேன்.
வழியில் பாறை. இடது விளிம்பின் இரும்பு
ஒரு சாண் பிய்ந்து வெளியே வந்தது.
பையன் "பாயீ, பாயீ" என்று முனகிக்கொண்டே இருந்தான்.
மீதி விளிம்பில் நின்று இறக்கிவிட்டேன்.
பிய்ந்ததைக் கீழே வந்துதான் பார்த்தேன்.

பூட்ஸ் இல்லாமல், ரப்பர் செருப்போடு
பலகை மேல் ஏறி நின்றேன்.
நாலடி நகர்ந்தது. நின்றுவிட்டது.
அவலாஞ்சி ஏரிக்குப் போகும் வேன் ஒன்று
ஓரம் கட்டியது. ஈரோட்டுக் குடும்பம்.
"அண்ணா, துடுப்புங்களா?"
ஆமாம் என்றேன்.
சிறுமி தேயிலை இலையைச் சுரண்டி
நாக்கில் வைத்து, "பனி!" என்று கத்தினாள்.

பனிதான்.
இலையில் சொட்டுவது பனி,
கொண்டை ஊசி வளைவை மறைப்பது பனி,
உருளைச் செடியை ஒரே இரவில் கருக்குவது பனி,
அங்கே பஷாரத்தின் அண்ணனைப் புதைத்து
மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்ததும் பனி.
அவர்கள் ஊரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.
நான் ஒரே சொல்லை மாட்டிக்கொண்டு
எல்லாச் சரிவிலும் இறங்குகிறேன்.
சில இடத்தில் அது போதவில்லைதான்.
உடைந்ததில்லை.

வேன் போயிற்று, பின்கண்ணாடியில்
ஊர்ப்பெயர் ஒட்டியபடி.
பனிச்சரிவே வராத ஊருக்கு
அந்தப் பெயரை வைத்தவன் யாரோ,
மண் சரிந்த நாளில் வைத்தானாம்.

"பச்சை" என்று அனுப்பினேன்.
உடனே பதில்: "புதுப்பனி அன்று
தொடைவரை புதைந்து கிடப்பாய்,
மேலிருந்து சிரிப்பேன்."
சிரிக்கட்டும். அந்தப் பத்து நாளும்
நூற்றுப் பதினெட்டை நினைத்து வயிறெரியத்தான் போகிறேன்.

ஏழு மணி வெயில் சரிவில் இறங்கியது.
என் நாலடியும் ஈரமாகி அழிந்தது.
அழுத்திய இடத்துப் புல் மட்டும்
இரண்டு பட்டையாய்ப் படுத்தே கிடந்தது.
எட்டரைக்கு முதல் லோடு வரும்.
பெல்ட் வேறு நேற்றே தளர்ந்திருந்தது.